முயலும் பந்தும் ஓர் ஊரின் பாத்தியதையும்

கோல்ஃப் என்ற சொல் தமிழுக்கு ஒரு வேலியோடு சேர்ந்தே வந்தது. ஊட்டியிலும் கோடைக்கானலிலும் கிண்டியிலும் அந்த வேலிக்கு உள்ளே நடந்தவர்கள் யார், பை சுமக்கக் காத்து நின்றவர்கள் யார் என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் போன பிறகும் வேலி போகவில்லை. உள்ளே நடப்பவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். பெரிய பரப்பு, மிகச் சிலர், நிறையத் தண்ணீர்: கோல்ஃப் மைதானம் பற்றி நம் மனதில் இருக்கும் சித்திரம் இதுவே. இச்சித்திரத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்த ஆட்டம் உருப்பெற்ற ஊரில், அதன் மிகப் புகழ்பெற்ற மைதானத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு இன்றும் ஒரு பொதுப் பாதை போகிறது. நாயோடு நடப்பவர்களும் கடற்கரைக்குப் போகிறவர்களும் அதில் கடக்கிறார்கள். அவர்கள் கடந்து முடியும்வரை ஆட்டக்காரன் கையில் மட்டையோடு நிற்கிறான். மைதானத்தின் விளிம்பில் கற்கட்டடம் எழுப்பிக்கொண்டு பாதி உலகத்துக்கு ஆட்ட விதிகள் எழுதித் தந்த சங்கத்துக்கு, அந்த மைதானத்தில் ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் பகுதியில் இருக்கும் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் அந்த ஊர். அங்கே சங்கத்தின் வரலாறு வேறு, மைதானத்தின் வரலாறு வேறு. சங்கத்தின் வரலாறு கோப்பைகளிலும் தலைவர்களின் ஓவியங்களிலும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளிலும் பத்திரமாக இருக்கிறது. மைதானத்தின் வரலாறு ஆடு, முயல், துணி வெளுத்த பெண்கள், கடனில் மூழ்கிய ஊர்ச்சபை, தச்சர்கள், தையற்காரர்கள் இவர்கள் வழியாகப் போகிறது. முதல் வரலாற்றை மட்டும் படித்தவர்கள் கோல்ஃப் கனவான்களின் ஆட்டம் என்றார்கள். இரண்டாவது வரலாற்றைப் படித்தால், ஒரு வடிவம் எப்படி உண்டாகிறது, அதன் மேல் யாருக்கு உரிமை என்ற, இலக்கியத்திலும் நாம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வேறொரு தளத்திலிருந்து வெளிச்சம் கிடைக்கிறது.

முதலில் நிலம். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல் மேடுகளை ஸ்காட்டியர் ‘லிங்க்ஸ்’ என்றார்கள். கடற்கரைக்கும் உழுநிலத்துக்கும் இடைப்பட்ட நிலம் அது. மணலாதலால் நீர் தங்காது. உப்புக் காற்றில் பயிர் நிற்காது. மெல்லிய குறும்புல்லும் முட்புதரும் மட்டும் வளரும். ஏர் ஏறாத நிலத்துக்கு விலை இல்லை. விலை இல்லாததால் அது எல்லோருக்கும் ஆயிற்று. நம் கணக்குப்பிள்ளைகளின் மொழியில் புறம்போக்கு, கிராமத்தான் மொழியில் மந்தைவெளி. ஆடுகள் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்தன. முயல்கள் வளை தோண்டின. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துப் பள்ளமாக்கிய இடங்களில் புல் போய் மணல் தெரிந்தது. இன்று பங்கர் என்று அழைக்கப்படும் மணற்குழிகள் இப்படித்தான் தோன்றின என்பது ஊர் வழக்கு. ஸெயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானத்தில் இப்போது 112 பங்கர்கள். பிற்காலத்தில் மனிதக் கை சிலவற்றைத் திருத்தியிருக்கிறது, கூட்டியிருக்கிறது, குறைத்திருக்கிறது. ஆயினும் இம்மைதானத்தை வரைந்தவன் என்று ஒருவனைச் சுட்ட முடியாது. பின்னாளில் உலகமெங்கும் மைதானங்களை வடிவமைத்துப் புகழ்பெற்ற அலிஸ்டர் மெக்கன்ஸி 1924இல் இதை அளந்து படமாக வரைந்தார். படம் மைதானத்துக்குப் பின்னால் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. பாட்டு வழங்கிய பிறகு இலக்கணம் வந்ததைப் போல.

ஆட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று அதைத் தடைசெய்யும் சட்டமே. 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் நாடாளுமன்றம், ஜனங்கள் கால்பந்தையும் கோல்ஃபையும் விட்டுவிட்டு வில்வித்தை பழக வேண்டும் என்று ஆணையிட்டது. இங்கிலாந்தோடு ஓயாத சண்டை. அம்பு எய்யக் கை வேண்டும். 1471லும் 1491லும் தடையைத் திரும்பத் திரும்ப விதிக்க நேர்ந்ததிலிருந்தே, ஜனங்கள் எந்த அளவுக்குக் கீழ்ப்படிந்தார்கள் என்பது விளங்கும். 1502இல் இங்கிலாந்தோடு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதே ஆண்டில் நான்காம் ஜேம்ஸ் மன்னன் பெர்த் நகரத்து வில் செய்பவனிடம் கோல்ஃப் மட்டைகள் வாங்கியதை அரண்மனைக் கணக்குப் புத்தகம் பதிந்து வைத்திருக்கிறது. தடை செய்த வம்சமே ஆட வந்துவிட்டது. அதுவும் வில் செய்யும் கையாலேயே மட்டையும் செய்து வாங்கிக்கொண்டு.

இவ்வரலாற்றின் அச்சாணி 1552இல் வருகிறது. அவ்வாண்டு ஜனவரியில் ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன் ஊராருடன் ஒரு சாசனம் செய்துகொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது முயல். லிங்க்ஸின் வடபகுதியில் முயல் வளர்த்துக்கொள்ள ஊரார் சம்மதிக்க வேண்டும். பதிலுக்கு அந்நிலத்தில் ஆடு மாடு மேய்ப்பது, புற்கரணை வெட்டுவது, கோல்ஃபும் கால்பந்தும் ஆடுவது, அம்பெய்வது முதலான ஊராரின் உரிமைகளை அவர் ஒப்புக்கொண்டார். இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாசனம் ஊராருக்குப் புதிய உரிமை எதையும் வழங்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே அனுபவித்து வந்ததைத்தான் அது எழுதியது. வழங்குபவன் ஒரு நாள் திரும்பக் கேட்கலாம். ஒப்புக்கொண்டவன் கேட்க முடியாது. அனுபோக பாத்தியதை என்று நம் பத்திரங்களில் வரும் சொல்லின் முழு அர்த்தம் இங்கே இருக்கிறது. முயலுக்கு இடம் கேட்ட ஒரு மதகுரு, தன்னை அறியாமலே, கோல்ஃபுக்கு ஒரு தற்காப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எட்டே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் போப்பின் அதிகாரம் முடிந்தது, ஊரின் பேராலயம் இடிபாடாயிற்று, காகிதம் மிஞ்சியது.

சங்கம் வருவது இதற்கெல்லாம் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. 1754 மே 14ஆம் தேதி, பிரபுக்களும் நிலச்சுவான்தார்களும் பேராசிரியர்களுமாக 22 பேர் கூடி ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக அறிவித்தார்கள். இவர்கள் ஏற்றுக்கொண்ட விதிகள் சொந்தமல்ல. எடின்பரோவை அடுத்த லீத் நகரத்து ஆட்டக்காரர்கள் 1744இல் எழுதிய பதின்மூன்று விதிகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பின்னால் அதிகார பீடமாகப் போகிற ஓர் ஸ்தாபனம் இரவல் விதிகளோடு தொடங்கியது என்பதை இலக்கிய ஸ்தாபனங்களைப் பார்த்திருப்பவர்கள் வியப்பில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

அவர்கள் காலத்தில் ஆட்டம் கடலோரமாகப் போய்த் திரும்பும் ஒற்றைப் பாதை. போகும்போது பதினொன்று, வரும்போது பதினொன்று, ஆக இருபத்திரண்டு குழிகள். பெரும்பாலும் போகும்போது ஆடிய அதே குழிகளைத்தான் திரும்பும்போதும் ஆடினார்கள். 1764இல் முதல் நான்கு குழிகளும் மிகச் சுலபமாக இருப்பதாகச் சங்கத்தாருக்குப் பட்டது. நான்கை இரண்டாக்கினார்கள். போகும்போது இரண்டு குறைந்ததால் வரும்போதும் இரண்டு குறைந்தது. மிஞ்சியது பதினெட்டு. உலகத்து மைதானங்கள் எல்லாம் பின்பற்றும் பதினெட்டு என்ற எண் இவ்விதம் பிறந்தது. லீத்தில் ஐந்து குழிகள் இருந்தன, ப்ரெஸ்ட்விக்கில் பன்னிரண்டு. 1858இல் சங்கம் ஒரு சுற்று என்பது பதினெட்டுக் குழிகள் என்று விதியில் எழுதியது. அதன்பின் மற்ற ஊர்களும் தம் எண்களைக் கைவிட்டன. ஓர் ஊரின் மணல்மேட்டில் நேர்ந்த தற்செயல், வலுவான ஸ்தாபனத்தின் கையில் சிக்கியதும் நியதியாயிற்று. மரபு என்று நாம் தொழுதுகொண்டிருக்கும் பல விஷயங்களை இந்த எண்ணை நினைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பது நல்லது.

ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. ஊர்ச்சபையின் பெட்டியிலிருந்தே வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் நலிந்த ஊர். ஆலயம் போய்விட்டது, துறைமுகம் சோர்ந்துவிட்டது, பல்கலைக்கழகம் பெயருக்கு நடந்தது. கடன் கழுத்தை நெரிக்கவே 1797இல் சபை லிங்க்ஸைக் கைமாற்றியது. 1799 வாக்கில் அது டெம்ப்ஸ்டர் என்ற வணிகக் குடும்பத்தின் கைக்குப் போயிற்று. அவர்கள் வணிகர்கள், நிலத்தை வணிகர்களாகவே பார்த்தார்கள். முயலுக்கு இறைச்சியும் உண்டு, தோலும் உண்டு. பந்துக்கு என்ன உண்டு? முயல்களைப் பெருக்கினார்கள். வளைகளும் பிறாண்டல்களும் நிலமெங்கும் பரவின. பந்து உருளும் இடமெல்லாம் குழியாயிற்று.

அடுத்த இருபது ஆண்டுச் சண்டையை அவ்வூரார் இன்றும் முயல் யுத்தம் என்று சொல்கிறார்கள். நிலம் விற்கப்பட்டது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் விற்றவனுக்கு எதை விற்க அதிகாரம் இருந்தது? மண்ணை விற்கலாம், மண்ணின் மேல் ஊராருக்கு இருந்த அனுபோகத்தை விற்க முடியுமா? 1552இன் சாசனம் வெளியே வந்தது. எடின்பரோ நீதிமன்றம், 1805-06இல், ஊரார் லிங்க்ஸில் முயல்களைப் பிடிக்கவும் கொல்லவும் உரிமை உள்ளவர்கள் என்ற பக்கம் சாய்ந்தது. வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய், 1813இல், மறு ஆலோசனைக்கு என்று திரும்பி வந்தது. தெளிவான இறுதி வெற்றி என்று எதுவும் எவருக்கும் கிடைக்கவில்லை. 1821இல் அருகிலிருந்த ஸ்ட்ராதைரம் பண்ணையின் சொந்தக்காரர் ஜேம்ஸ் சீப், தாமே கோல்ஃப் ஆடுபவர், நிலத்தை வாங்கினார். முயல்கள் போயின.

இதை நியாயத்தின் வெற்றி என்று கொண்டாடுவது எளிது. நான் அப்படிப் படிக்கவில்லை. ஊராரின் உரிமை நீதிமன்றத்தில் உயிரோடு இருந்தது, வழக்கு நடத்தப் பணமுள்ள கனவான்களும் அதே நிலத்தில் ஆடினார்கள் என்பதால். மேய்ப்பவர்களும் புற்கரணை வெட்டுபவர்களும் மட்டுமே அதை அனுபவித்திருந்தால் சாசனம் பெட்டியிலேயே மக்கியிருக்கும். கனவான்கள் தம் ஆட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஊரின் உரிமையை முன்னிறுத்த வேண்டியிருந்தது. அப்படி முன்னிறுத்திய பிறகு, நிலம் தங்களுடையது என்று அவர்களால் சொல்ல முடியாமல் போயிற்று. வாதம் ஜெயித்தது, வாதித்தவர்களையும் சேர்த்துக் கட்டியது. சங்கம் நிலமில்லாத சங்கமாக நின்றுபோனதன் மூலகாரணங்களில் இது முக்கியமானது.

1834இல் நான்காம் வில்லியம் மன்னன் புரவலராக, சங்கம் ராயல் அண்ட் ஏன்ஷென்ட் என்ற பட்டப் பெயர் பெற்றது. 1854இல் கட்டடம் எழுந்தது. ஆனால் மைதானத்தில் அவர்கள் தனியாக இல்லை. 1843இல் ஊரின் கைவினைஞர்கள் தமக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள்; மெக்கானிக்ஸ் கோல்ஃப் க்ளப் என்று பெயர். இன்றைய ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் க்ளப் அதுதான். பிரபு ஆடிய அதே குழியில் தச்சனும் ஆடினான். சேர்ந்து ஆடினான் என்பதல்ல, அடுத்து ஆடினான். ஸ்வில்கன் ஓடையில் ஊர்ப் பெண்கள் துணி வெளுத்து லிங்க்ஸின் புல்லில் உலர்த்தினார்கள். பந்து துணியின் மேல் போய் விழுந்தால் என்ன செய்வது, சலவைத் தொட்டியை ஒட்டி நின்றால் என்ன செய்வது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஊர் விதிகள் நிதானமாகப் பேசுகின்றன. துணி உலர்த்தக் கூடாது என்று விதி எழுதவில்லை, எழுத முடியவில்லை. உலர்த்துபவளுக்கும் அங்கே இருக்கப் பாத்தியதை உண்டு. விதியின் இலக்கண மொழிக்குள் ஒரு சலவைத் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்ட இந்த இடம், என் வரையில், கோல்ஃப் சரித்திரத்திலேயே உயிருள்ள இடம்.

ஆனால் அதே பெண் மட்டையைத் தொட்டபோது கதை வேறு. 1867இல் பெண்களுக்கென்று சங்கம் ஏற்பட்டு, மேடு பள்ளமான ஒரு சிறு திடலில் பந்தை உருட்டி ஆட இடம் விடப்பட்டது. அத்திடலுக்கு ‘ஹிமாலயாஸ்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ராயல் அண்ட் ஏன்ஷென்ட் சங்கம் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014 செப்டம்பர் 18ஆம் தேதி. 85 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். அதாவது 1754 முதல் 260 ஆண்டுகள். நிலம் பொதுவாக இருந்தது. சங்கத்தின் கதவு பொதுவாக இல்லை. நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு வரலாறுகளின் பிரிவு இங்கே பளிச்சென்று தெரிகிறது.

கைவினைஞர்களின் வரிசையில் இரண்டு பேரைச் சொல்லாமல் இம்மைதானத்தின் கதை நடவாது. ஆலன் ராபர்ட்ஸன் (1815-1859) பந்து செய்பவர். தோலைப் பையாகத் தைத்து, அவித்த இறகை ஒரு தொப்பி நிறைய அதற்குள் திணித்துச் செய்யும் பந்து அது. நல்ல வேலைக்காரன் நாளைக்கு மூன்று நான்கு செய்வான். விலை அதிகம், நனைந்தால் கெட்டுப்போகும். டாம் மாரிஸ் (1821-1908) அவரிடம் தொழில் பழகியவர். 1848இல் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலால் ஆன பந்து வந்தது. மலிவு, உடைந்தால் உருக்கித் திரும்ப உருட்டலாம். ராபர்ட்ஸன் அதில் தம் தொழிலின் சாவைப் பார்த்தார். மாரிஸ் அப்பந்தில் ஆடியதைக் கண்டு இருவரும் பிரிந்தார்கள். 1851இல் மாரிஸ் ப்ரெஸ்ட்விக் மைதானத்துக்குப் போய்விட்டார். மலிவுப் பந்தால்தான் ஏழைகளும் பெருவாரியாக ஆட முடிந்தது. ஆனால் மலிவு எங்கே மலிவு என்றும் கேட்க வேண்டும். அந்த மரம் மலாய் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் வளர்ந்தது. கீறினால் பால் அதிகம் வராது என்பதால் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். அதில் பெரும்பகுதி கடலடித் தந்திக் கம்பிகளுக்குப் போயிற்று; பந்துக்குப் போனது சிறு பங்கே. ஆனாலும் ஓர் ஊரின் பொது நிலத்து ஆட்டம் தொலைதூரத்துக் காடு ஒன்றோடு அப்போதே முடிச்சுப்போட்டுக்கொண்டது.

மாரிஸ் 1865இல் ஊர் திரும்பி, மைதானத்தைப் பேணும் பொறுப்பை ஏற்று, 1903 வரை வகித்தார். குழி சுற்றிய புல்தரை செழிக்க மணல் தூவுவது அவருடைய வைத்தியம். எந்த நோய்க்கும் அதையே சொன்னார். அவருக்கு முன்பே, 1832 வாக்கில், போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழியில் முட்டிக்கொள்ளாமலிருக்க ஒவ்வொரு புல்தரையிலும் இரண்டு குழிகள் வெட்டும் வழக்கம் ஆரம்பித்திருந்தது. புல்தரைகள் அகன்று இரட்டைகளாயின. இப்போதும் ஏழு இரட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் பதினெட்டு வரும். இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும் என்று. போகும் குழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் குழிக்குச் சிவப்பு. பார்ப்பவர்களுக்கு இது ஏதோ கணித மேதையின் யத்தனம் போலத் தோன்றும். கூட்டம் சேர்ந்ததால் வந்த நெரிசலுக்கு ஊரார் கண்ட சமரசம் அது. 1870இல் முதற்குழிக்கு மாரிஸ் தனிப் புல்தரை அமைத்ததும், வலஞ்சுழியாக ஆடிக்கொண்டிருந்த மைதானத்தை இடஞ்சுழியாகவும் ஆட முடிந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு வாசிப்புகள். சில காலம் மாற்றி மாற்றி ஆடினார்கள், பிறகு இன்றைய இடஞ்சுழி நிலைத்தது. திசை மாறியதால், முன்பு யாரையும் தொந்தரவு செய்யாத பங்கர்கள் திடீரென்று வழியில் வந்து நின்றன. முன்பு பயங்கரமாக இருந்தவை அர்த்தமிழந்து ஓரத்தில் கிடந்தன. ஏன் இங்கே ஒரு குழி என்று இன்று ஆடுபவன் விழிக்கும் இடங்களில் பழைய வாசிப்பின் எச்சம் கிடக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சொத்துப் பிரச்னை மறுபடி தலைதூக்கியது. ரயில் 1852லேயே வந்துவிட்டது. வெளியூர்க் கூட்டம் பெருகியது. நிலம் சீப் குடும்பத்திடம் இருந்தது. அதைச் சங்கம் வாங்கிக்கொள்ள முற்பட்டபோது ஊர்ச்சபை விழித்துக்கொண்டது. முன்பு விற்றுத் தொலைத்த சபைதான். இம்முறை நாடாளுமன்றம் வரை போயிற்று. 1894இன் சட்டம் லிங்க்ஸை ஊருக்கு மீட்டுத் தந்தது. சங்கம் தன் செலவில் இன்னொரு மைதானம் அமைத்துத் தர வேண்டும். பராமரிப்பு இரு தரப்பும் சேர்ந்த குழுவிடம். 1895இல் திறந்த அம்மைதானத்துக்கு இன்றுவரை ‘புதிய மைதானம்’ என்றே பெயர். 1913இல்தான் வெளியூர்க்காரர்களிடம் பழைய மைதானத்தில் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். ஊரார் 1946 வரை காசில்லாமல் ஆடினார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் பழைய ஊர்ச்சபைகள் கலைக்கப்பட்டன. அதை முன்கூட்டி அறிந்து 1974இல் தனிச்சட்டம் கொண்டுவந்து, நிர்வாகத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். சபையே மறைந்தபோதும் நிலம் பொதுச் சொத்தாக நிலைத்தது. 1797இன் பாடத்தை ஊர் மறக்கவில்லை எனலாம்.

இத்தனையும் ஸ்காட்லாந்தின் கதை. ஆனால் ஆட்டம் அங்கேயே நிற்கவில்லை. 1829இல் கல்கத்தாவில், டம்டம்மில், ஒரு கோல்ஃப் சங்கம் ஏற்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது அதுவே. பிறகு ராணுவமும் தேயிலையும் போன இடமெல்லாம் பதினெட்டுக் குழிகளும் போயின. நமக்கு நெருக்கமான ஒரு கண்ணியைப் பார்ப்போம்.

ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியராக இருந்தவர் ஹ்யூ கிளெக்ஹார்ன். 1795இல் டச்சுக்காரர்களிடம் சேவகம் செய்த சுவிஸ் படைப்பிரிவு ஒன்றைப் பிரிட்டிஷார் பக்கம் திருப்பி, இலங்கை அவர்கள் கைக்குப் போக வழிசெய்தவர். இலங்கையின் முதல் காலனியச் செயலர். அங்கே இரண்டு தேசிய இனங்கள் வாழ்ந்து வந்ததைப் பற்றி 1799இல் இவர் எழுதிய குறிப்பு ஈழத்துத் தமிழ் அரசியல் எழுத்தில் பலமுறை எடுத்தாளப்பட்டது. ஊர் திரும்பியபின் ஸெயின்ட் ஆண்ட்ரூஸுக்குச் சில மைல் தள்ளி ஸ்ட்ராவிதி பண்ணையில் வாழ்ந்து 1837இல் இறந்தார். அவருடைய பேரன், அதே பெயர், 1820இல் சென்னையில் பிறந்து ஸ்ட்ராவிதியில் பாட்டனிடம் வளர்ந்தவர். மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இங்கே திரும்பி வந்து, 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார்.

காடுகள் அழிவதைப் பற்றிய அவருடைய கவலை உண்மையானது; ரயிலுக்கும் எஞ்சினுக்கும் மரம் போவதைக் கண்டவர். ஆனால் காட்டை வெட்டி எரித்து விதைத்து இடம் பெயரும் மலைமக்களின் குமரிச் சாகுபடி அவருக்கு வெறும் நாசமாகவே தெரிந்தது; அதைக் கட்டுப்படுத்த முனைந்தார். அவர் சிறுவனாக நடந்திருக்கக்கூடிய லிங்க்ஸில், ஒரு நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்ததே அதன் மேல் உரிமை என்ற வாதம் பிரபுக்கள் சபை வரை ஏறியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதே பயன்பாடு குற்றமாயிற்று. இதை ஒரு தனிமனிதனின் முரண்பாடாகச் சுருக்கிவிடக் கூடாது. ஒரு சாம்ராஜ்யத்தின் கண்ணே அப்படி அமைந்திருந்தது: தன் ஊர்ப் பழக்கம் பாத்தியதை, பிறர் ஊர்ப் பழக்கம் அழிவு.

நீலகிரியின் புல்வெளிகளில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. அந்நிலமும் ஏர் ஏறாத நிலம், எல்லோருக்கும் ஆன நிலம். அதில் ஒரு பெரும்பரப்புக்கு, 1891 முதல் 1896 வரை சென்னையின் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. வென்லாக் டவுன்ஸில் வேட்டை நாய்களும் குதிரைகளும் ஓடின. கோல்ஃப் மைதானம் அமைந்தது. மீதியில் சீகை மரமும் தைலமரமும் ஏறின. தோடர்களின் உரிமை அவர்களுடைய மந்துகளைச் சுற்றிய சிறு பரப்புகளுக்குள் குறுகிற்று. பதினெட்டு என்ற எண் கடல் தாண்டி வந்தது, விதிகள் வந்தன, மணல் இல்லாத மலையில் பங்கர்கூட வந்தது. 1552இன் காகிதம் மட்டும் வரவில்லை. அக்காகிதத்தின் தர்மப்படி பார்த்தால், ஊட்டி மைதானத்தில் பந்தோடு எருமைக்கும் இடம் விட்டு விதி எழுதியிருக்க வேண்டும், சலவைத் தொட்டிக்கு எழுதியதைப் போல. வடிவத்தை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு அதை உண்டாக்கிய உறவை விட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது வேலிதான். நம் கவிதையிலும் இப்படிப் பெயர்த்து நட்ட வடிவங்கள் இல்லாமலில்லை.

ஸெயின்ட் ஆண்ட்ரூஸிலும் இன்று எல்லாம் சுகமென்று சொல்வதற்கில்லை. 2022இல் அங்கே நடந்த 150ஆவது ஓபன் போட்டியைப் பார்க்க ஏறக்குறைய 2,90,000 பேர் வந்தார்கள். வெளியூர்க்காரன் ஆடக் கட்டணம் நூற்றுக்கணக்கான பவுன். குலுக்கலில் பெயர் வந்தால்தான் ஆட்டம் என்று காத்திருப்பவர்கள் பலர். கடலும் மணலை அரித்துக்கொண்டிருக்கிறது. பொது நிலம் என்பது பெரும் வியாபாரத்தின் நடுவே நிற்கிறது; முயலை விட லாபகரமான பிராணி இப்போது பந்துதான். உரிமை காப்பாற்றப்பட்ட அதே நிலத்தில் அதன் அர்த்தம் தேய்ந்துகொண்டு வருகிறதா என்ற கேள்வியை அவ்வூரார் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது, பெரும் போட்டி நாட்கள் நீங்கலாக. அன்று அது பூங்கா. எவரும் நடக்கலாம், குழந்தைகள் பங்கருக்குள் இறங்கி மணலில் விளையாடலாம். மந்தைகளை ஓட்டிச்செல்ல எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியதாகச் சொல்லும் சின்னஞ்சிறு ஸ்வில்கன் கற்பாலம் பதினெட்டாவது குழிக்குப் போகும் வழியில் இருக்கிறது. புகைப்படம் எடுத்துக்கொள்பவர்களின் கால்பட்டுப் புல் தேய்கிறதென்று 2023 பிப்ரவரியில் நிர்வாகம் அதன் முகப்பில் வட்டமாகக் கல் பாவியது. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள், சில நாட்களிலேயே கல்லைப் பெயர்த்துவிட்டுத் திரும்பப் புல் வைக்க நேர்ந்தது. கால்பட்டு அங்கே புல் தேய்வது புதிதல்ல. ஆட்டின் கால், முயலின் கால், துணிக்கூடை சுமந்தவளின் கால், பை சுமந்தவனின் கால் என்று அந்த மைதானம் மொத்தமும் அப்படித் தேய்ந்து வந்ததுதான்.